ஆசிரியரின் ரொட்டி

அரபு மொழியில் 'ஆசிரியரின் ரொட்டிகள்' என்றொரு வழக்கு இருந்தது. ஒன்றோடொன்று பொருந்தாத பல தினுசான பொருள்கள் ஓரிடத்தில் சேர்ந்து கிடந்தால் அவற்றுக்கு இவ்வுவமையைச் சொல்வார்கள். நைசாபூர் அறிஞர் தஆலிபீ (மறைவு ஹி. 429 / கி.பி. 1038) இத்தகைய தொடர்களைத் தொகுத்த தம் நூலில் இதனையும் பதிந்து வைத்துள்ளார். மக்தபுக்கு வரும் பிள்ளைகள் ஆளுக்கொரு ரொட்டியை ஆசிரியருக்கென வீட்டிலிருந்து கொண்டுவருவர். செல்வர் வீட்டு ரொட்டி வெண்மையாகவும் பெரிதாகவும் இருக்கும். ஏழை வீட்டு ரொட்டி கறுத்துச் சிறுத்திருக்கும். மாலையில் ஆசிரியர் முன் குவிந்திருக்கும் ரொட்டிகளைப் பார்த்தே அவ்வூரின் ஏற்றத்தாழ்வைக் கணக்கிட்டுவிடலாம். அதைக் கண்டு இரங்குவதற்குப் பதிலாக மக்கள் சிரித்தார்கள் என்பதுதான் இவ்வழக்கு நமக்குச் சொல்லும் செய்தி.

இந்தச் சிரிப்புக்கு ஆளானவர்களில் மிகப் பெரிய பெயர் ஹஜ்ஜாஜ் பின் யூசுஃப். கி.பி. 694 முதல் 714-இல் இறக்கும்வரை இராக்கை நடுநடுங்க வைத்த இந்த ஆளுநர், இளமையில் தாயிஃப் நகரில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தவர். தந்தையும் அதே பணி செய்தவரே. ஹஜ்ஜாஜின் கொடுமைகளைக் கண்டிக்க ஆயிரம் காரணங்கள் இருந்தன. ஆயினும் அவரைப் புண்படுத்த விரும்பிய கவிஞர்கள் தேர்ந்தெடுத்த ஆயுதம் வேறு. சின்னஞ்சிறு சூராவைச் சொல்லிக்கொடுத்து, தக்ளியின் வில்லை அளவில் ஒன்றும் முழுநிலா அளவில் ஒன்றுமாக ரொட்டி வாங்கித் தின்ற காலம் மறந்துபோயிற்றா என்று கேட்டார்கள். சிந்திய இரத்தத்தைவிட, தின்ற ரொட்டி அவருக்குப் பெரிய இழுக்காகக் கருதப்பட்டிருக்கிறது!

'மக்தப் ஆசிரியரைவிட மடையன்' என்பதும் அக்காலப் பழமொழியே. பஸராவின் பேரறிஞர் ஜாஹிழ் (மறைவு ஹி. 255 / கி.பி. 868-69) தமது 'அல்பயான் வத்தப்யீன்' நூலில் இதனை எடுத்தாள்கிறார். ஆசிரியரிடமும் ஆட்டிடையரிடமும் ஆலோசனை கேட்காதீர்கள் என்ற பேச்சும் அங்கே பதிவாகியுள்ளது. இவற்றைப் பார்த்தவர்கள் ஜாஹிழே ஆசிரியர்களின் முதல் எதிரி என்று முடிவு கட்டிவிட்டார்கள். பிற்காலத் தொகுப்புகளில் அவர் பெயரால் ஒரு கதையும் உலவலாயிற்று. ஆசிரியர்களின் மடமையைப் பற்றி ஜாஹிழ் ஒரு நூல் எழுதினாராம். பின்னர் கல்வியில் சிறந்த ஆசிரியர் ஒருவரைச் சந்தித்து, நூலைக் கிழித்தெறியத் தீர்மானித்தாராம். ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனபோது, அன்புக்குரிய ஒருத்தி இறந்துபோனாள் என்று அவர் துக்கம் காத்துக்கொண்டிருந்தார். யாரென விசாரித்தால், வழிப்போக்கன் பாடிய கவிதையில் கேட்ட உம்மு அம்ர் என்ற பெயர்தானாம். ஆளை அவர் கண்டதே இல்லை. 'நூலைக் கிழிக்க இருந்தேன். இனி உம்மையே அதன் முதற்பக்கத்தில் வைப்பேன்' என்று சொல்லிவிட்டு ஜாஹிழ் எழுந்து வந்தார் என்று கதை முடிகிறது.

கதை சுவையானதுதான். ஆனால் ஜாஹிழ் உண்மையில் எழுதியது இதற்கு நேர்மாறானது. அந்தப் பழமொழியைச் சொன்ன கையோடு அவர் கேள்வி எழுப்புகிறார். ஆசிரியர்களில் எளிய மக்களின் பிள்ளைகளுக்குக் கற்பிப்போர் உண்டு. அரசர் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நிலைக்கு உயர்ந்தோரும் உண்டு. ஏழு காரிகளுள் ஒருவரான கிஸாயீயையும், இலக்கண அறிஞர் குத்ருபையும் மடையர் என்று எவ்வாறு சொல்லமுடியும் என்கிறார். ஆசிரியர்களைப் பற்றித் தனியாக ஒரு ரிஸாலாவே எழுதினார். அதில் சில பகுதிகளே நமக்குக் கிடைத்துள்ளன. எழுத்து, கணக்கு, குர்ஆன், இலக்கணம் தொடங்கிக் குதிரையேற்றம், வில்வித்தை வரை ஆசிரியரின்றி எதுவும் இல்லை என அதில் அவர் நிறுவுகிறார். மனப்பாடத்தை மட்டும் நம்பினால் சிந்திக்கும் ஆற்றல் மழுங்கிவிடும் என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. ரிஸாலாவை விட்டுவிட்டுக் கதையை மட்டும் காலம் காப்பாற்றிக் கொடுத்திருப்பதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏளனம் செய்தவர்கள் எல்லோரும் பாமரர்களுமல்லர். கி.பி. 973-இல் சிசிலித் தீவின் பலெர்மோ நகரைக் கண்ட பயணி இப்னு ஹவ்கல், அங்கே 300-க்கும் மேற்பட்ட மக்தப் ஆசிரியர்கள் இருந்ததாக எழுதுகிறார். போருக்குப் போகாமல் தப்பிக்கவே இவ்வளவு பேர் இத்தொழிலில் புகுந்தார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. சிசிலியர் பச்சை வெங்காயம் தின்று மூளை கெட்டவர்கள் என்றும் எழுதியவர் அவர். ஆகவே சற்று எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். எனினும் தம்மை அறியாமலே ஓர் அரிய செய்தியையும் அவர் தந்துவிடுகிறார். சிசிலி மக்கள் இந்த ஆசிரியர்களைத் தங்கள் ஊர்ப் பெரியோராகவும் சட்ட அறிஞராகவும் நம்பகமான சாட்சிகளாகவும் மதித்தார்களாம். அவருக்கு எரிச்சலூட்டியது அதுவே.

இந்த இழிவெண்ணத்தின் வேர் எங்கே இருக்கிறது? கூலியில் இருக்கிறது என்றே தோன்றுகிறது. கூஃபாவில் ஓதிக்கொடுத்த ளஹ்ஹாக் பின் முஸாஹிமிடம் 3,000 பிள்ளைகள் இருந்ததாகவும், கழுதையில் ஏறி அவர்களிடையே அவர் சுற்றிவந்ததாகவும் வரலாற்று நூல்கள் போற்றுகின்றன. அவரைச் சொல்லும்போது மறவாமல் சொல்லப்படுவது, அவர் ஊதியம் வாங்கவில்லை என்பது. வாங்கியவருக்கோ வயிற்றுப்பாட்டுக்காரர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இத்தனைக்கும் ஹி. 2-இல் பத்ருப் போர்க் கைதிகளில் பணமில்லாதவர், ஆளுக்குப் பத்து அன்சாரிச் சிறுவருக்கு எழுதக் கற்பித்தால் அதுவே மீட்புத்தொகை என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விதித்திருந்தார்கள். வசதியுள்ள கைதிகளின் மீட்புத்தொகை 4,000 திர்ஹம் வரை இருந்தது.

குர்ஆனைக் கற்பிப்பதற்குக் கூலி பெறலாமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. இமாம் மாலிக் (ரஹ்), இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ஆகியோர் அனுமதித்தனர்; இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அனுமதிக்கவில்லை. கைரவானில் மாலிகீ அறிஞர் இப்னு ஸஹ்னூன் (மறைவு கி.பி. 870) ஆசிரியர்களுக்கென்றே எழுதிய நூல் கூலியை ஏற்கிறது, கூடவே வரம்பும் கட்டுகிறது. பேசியதற்கு மேல் அன்பளிப்புக் கேட்கக்கூடாது; பிள்ளைகளைத் தம் சொந்த வேலைக்கு ஏவக்கூடாது; தந்தை அனுமதித்தாலன்றி மூன்று அடிக்கு மேல் அடிக்கக்கூடாது; ஏழை, செல்வர் பிள்ளைகளிடையே வேறுபாடு காட்டக்கூடாது. அதே நகரின் காபிஸீ (மறைவு கி.பி. 1012) நடைமுறை பேசினார். கூலியைத் தடுத்துவிட்டால், பிழைப்பை விட்டுவிட்டு ஊரார் பிள்ளைகளுக்காக உட்கார எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார். காலப்போக்கில் ஹனஃபீ அறிஞர்களும் அந்த இடத்துக்கே வந்து சேர்ந்தனர். 'ஹிதாயா' ஆசிரியர் மர்கீனானீ (மறைவு கி.பி. 1197), மார்க்க காரியங்களில் மக்கள் தளர்ந்துவிட்டார்கள், கூலியை மறுத்தால் குர்ஆன் மனனமே அழிந்துபோகும் என்பதால் அனுமதிக்கே ஃபத்வா என்று எழுதினார். ஷாஃபிஈகளும் ஹனஃபீகளுமாக வாழும் தமிழ் முஸ்லிம்களின் ஊர்களில் ஓதிக்கொடுக்கும் லெப்பைக்குத் தரப்படும் காணிக்கைக்குப் பின்னால் இவ்வளவு நீண்ட விவாதம் இருக்கிறது.

இப்னு கல்தூன் 1377-இல் எழுதிய முகத்திமாவில் ஹஜ்ஜாஜின் கதைக்கே திரும்புகிறார். தம் காலத்தில் ஆசிரியத் தொழில் பிழைப்புக்கான கைத்தொழில்களுள் ஒன்றாகிவிட்டது, ஆசிரியர் வலிமையற்ற ஏழை என்று வெளிப்படையாகச் சொல்கிறார். ஆனால் இஸ்லாத்தின் தொடக்க காலத்தில் நிலைமை அவ்வாறில்லை; உயர்குடிப் பெருமக்களே கற்பித்தார்கள்; ஹஜ்ஜாஜின் தந்தையைப் பிற்கால அளவுகோலால் அளப்பது வரலாற்றுப் பிழை என்கிறார். அழகான விளக்கம்தான். என்றாலும் ஹஜ்ஜாஜின் காலத்தவர் பெயரிலேயே வழங்கும் அந்த ரொட்டிக் கவிதைகளை என்ன செய்வது? அவை பிற்காலத்தில் கட்டப்பட்டவை அல்ல என்றால், ஏளனம் முதல் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது என்றுதான் கொள்ளவேண்டும்.

அதே இப்னு கல்தூன் பின்னர் எகிப்து சென்றார். 1384-இல் கெய்ரோவில் கம்ஹிய்யா மத்ரஸாவின் ஆசிரியராக அமர்த்தப்பட்டார். மாலிகீகளுக்கென சுல்தான் ஸலாஹுத்தீன் நிறுவிய கல்விக்கூடம் அது. ஃபய்யூம் பகுதியில் அதற்கு வக்ஃப் நிலம் இருந்தது. அந்நிலத்தில் விளைந்த கோதுமை அங்குள்ள ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பங்கிடப்பட்டது. கோதுமைக்கு அரபியில் 'கம்ஹ்' என்று பெயர். மத்ரஸாவின் பெயர் அதிலிருந்தே வந்தது.