பிராக் நீதிமன்றத்தில் ஒரு ரொக் இசைக்குழு

1968 ஆகஸ்ட் 20 ஆம் திகதி இரவு சோவியத் ஒன்றியத்தின் தலைமையிலான வார்சோ ஒப்பந்தப் படைகள் செக்கோஸ்லாவாக்கியாவுக்குள் பிரவேசித்து அலெக்சாண்டர் டுப்செக்கின் சீர்திருத்தங்களுக்கு முடிவுகட்டின. அடுத்த சில வாரங்களிலேயே தலைநகர் பிராக்கில் மிலன் ஹ்லாவ்சா என்ற 17 வயது இளைஞர் நண்பர்களுடன் சேர்ந்து ஒரு இசைக்குழுவைத் தொடங்கினார். 'பிரபஞ்சத்தின் பிளாஸ்டிக் மக்கள்' என்ற அதன் பெயர், அமெரிக்க இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸப்பாவின் பாடலொன்றின் தலைப்பைத் தழுவியது. அன்று மேற்குலகில் பிரபலமாயிருந்த சைக்கடெலிக் ரொக் பாணியே அவர்களுடையதும். வயலினும் சக்சபோனும் கலந்த அந்த இசை செவிக்கு இனிமையானது என்று கூறுவதற்கில்லை.

அவர்கள் அரசியல் கோஷம் எதையும் எழுப்பவில்லை. ஆனால், புதிய ஆட்சியாளர்கள் நாட்டை 'இயல்புநிலைக்கு'க் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். (அதிகாரத்தில் இருப்பவர்கள் இந்தச் சொல்லை உச்சரிக்கும்போது பத்திரிகையாளர்கள் சற்று உஷாராவது வழக்கம்.) இசைக்கலைஞர்களுக்கும் அரசாங்க அனுமதிப்பத்திரம் தேவைப்பட்டது. 1970 இல் அது பறிக்கப்பட்டது. அதன் பிறகு குழுவினர் திருமண வைபவங்களிலும் ஒதுக்குப்புறக் கிராமங்களிலும் வாசித்தனர். 1974 மார்ச்சில் அவர்களைக் கேட்கவென்று சென்ற இளைஞர்களைப் பொலிஸார் குண்டாந்தடிகளால் தாக்கி விரட்டினர். அதே வருடம் தொடங்கிய ஒலிப்பதிவு இரகசியமாக வெளிநாடு சென்று, 1978 இல் பிரான்ஸில் இசைத்தட்டாக வெளியானது.

1976 மார்ச்சில் கைதுகள் இடம்பெற்றன. செப்டெம்பரில் பொது அமைதிக்குப் பங்கம் விளைவித்ததாக நால்வருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. குழுவின் கலை நெறியாளர் இவான் யிரோஸுக்கு 18 மாதங்கள். சக்சபோன் வாசித்த பிரபெனெட்ஸுக்கு 8 மாதங்கள். வழக்கைப் பார்வையிட வந்தவர்களில் நாடகாசிரியர் வாட்ஸ்லவ் ஹாவெலும் ஒருவர். அரசியல் எதிராளிகளைச் சிறையிடுவது அந்த ஆட்சிக்குப் புதிதல்ல. தங்கள் பாட்டில் தாங்கள் வாழ விரும்பிய இளைஞர்களையே குற்றவாளிகளாக்கினால் நாளை எவருக்கும் பாதுகாப்பில்லை என்பதை ஹாவெல் அங்கு கண்டுகொண்டார். அதுவரை தனித்தனியாக இருந்த எழுத்தாளர்களும் தத்துவவாதிகளும் முன்னாள் கம்யூனிஸ்ட்களும் மதவாதிகளும் அந்த வழக்கினால் ஒன்றுசேர்ந்தனர். 1977 ஜனவரியில் 240 க்கும் மேற்பட்டோரின் கையொப்பங்களுடன் 'சாசனம் 77' வெளியானது. அதன் பேச்சாளர்களில் ஒருவரான தத்துவஞானி யான் பட்டோச்கா, தொடர் பொலிஸ் விசாரணைகளுக்குப் பின்னர் அவ்வருடம் மார்ச்சில் மரணமானார். பிரபெனெட்ஸ் 1982 இல் கனடாவுக்குப் போகவேண்டியதாயிற்று. யிரோஸ் மீண்டும் மீண்டும் சிறை சென்றார்.

இசைக்குழு 1988 இல் கலைந்தது. மறுவருடம் ஆட்சி கவிழ்ந்து, டிசம்பரில் ஹாவெல் ஜனாதிபதியானார். சாசனத்தின் 20 ஆவது ஆண்டு நிறைவையொட்டி 1997 இல், ஹாவெலின் விருப்பப்படி, பழைய குழுவினர் மீண்டும் கூடி வாசித்தனர். ஹ்லாவ்சா 2001 ஜனவரியில் புற்றுநோயினால் காலமானார். அப்போது அவருக்கு வயது 49.