வாங் ஜியே அச்சிட்ட சுருள்

கி.பி. 868 மே 11 அன்று சீனாவில் வாங் ஜியே என்பவர் தம் தாய் தந்தையரின் பேரால் ஒரு நூலை அச்சிட்டார், எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்க. நாளும் நோக்கமும் சுருளின் கடைசியிலேயே பதிவாகியிருக்கின்றன. நாள் குறித்து அச்சாகி முழுமையாக நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் இதுவே மிகப் பழையது. கூட்டன்பர்க் பைபிளுக்கு ஏறத்தாழ 600 ஆண்டுகள் மூத்தது.

நூல், புத்தருக்கும் சீடர் சுபூதிக்கும் நடக்கும் உரையாடலான வஜ்ரச்சேதிகா சூத்திரம். வடமொழியிலிருந்து இதைச் சீனத்துக்குக் கொண்டுவந்தவர் குமாரஜீவர். மத்திய ஆசியாவின் குச்சா நகரில் பிறந்த துறவி. உலகமெல்லாம் நிறையும் மணிகளைத் தானம் செய்வதைவிட, இதில் நான்கு அடிகளைப் பிறருக்கு எடுத்துச் சொல்வது பெரும் புண்ணியம் என்று நூலே சொல்கிறது. அப்படி நம்பியவர்களுக்குக் கையால் படியெடுப்பது எப்படிப் போதும்? மரப்பலகையில் எழுத்துகளை இடவலம் மாற்றிச் செதுக்கி, மை பூசி, தாளை விரித்துத் தேய்த்தார்கள். ஒரே பலகையிலிருந்து எத்தனையோ படிகள். ஏழு தாள்களை ஒட்டி ஐந்து மீட்டருக்கும் நீளமாக்கிய இந்தச் சுருளின் முகப்புப் படத்தில் கோடுகள் அவ்வளவு நுட்பம். கைதேர்ந்த பரம்பரை ஒன்று அதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அச்சுக்கலையின் வரலாற்றை எந்திரத்திலிருந்து தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. புண்ணியத்தைப் பலருக்கும் பங்கிடும் ஆசையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனாவின் துன்ஹுவாங் அருகே மொகாவோவில், இந்தச் சுருளோடு பல சுவடிகளும் நிறைந்த ஒரு குகையை அடைத்துவிட்டார்கள். பாலைவனத்தின் வறட்சி அனைத்தையும் காத்தது. 1900-இல் குகையைக் கண்டவர் வாங் யுவான்லு என்ற தாவோ துறவி. 1907-இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஆரல் ஸ்டெயின் வந்து, இந்தியாவிலிருந்து ஏடுகளைச் சுமந்து சென்ற யுவான் சுவாங்கின் பெயரைச் சொல்லி அவர் மனத்தைக் கரைத்தார். நம் காஞ்சிபுரத்துக்கு வந்துபோன அதே யுவான் சுவாங்தான். கோயில் திருப்பணிக்கு நன்கொடை என்ற பெயரில் சிறு தொகை கைமாற, 24 பெட்டிச் சுவடிகள் கிளம்பின, இந்தச் சுருளும் அவற்றோடு. ஒரு துறவியின் பக்தியையே கருவியாக்கிய இந்த வாங்கலை நான் நியாயமென்று ஏற்க மாட்டேன். சீனர்களின் மனக்குறை இன்றும் ஆறவில்லை.

லண்டனில் சுருளை வலுப்படுத்த எண்ணிப் பின்புறம் ஒட்டிய தாள்களே அதை இழுத்து வருத்தின. அவற்றை அணு அணுவாக நீக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. இப்போது அது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 1994-இல் தொடங்கிய பன்னாட்டு துன்ஹுவாங் திட்டம், சிதறிப்போன சுவடிகளைப் படமெடுத்து இணையத்தில் கட்டணமின்றித் தருகிறது. வாங் ஜியே கேட்டதும் கட்டணமில்லா விநியோகம்தான். மூலச் சுருள் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வியை இதனால் தள்ளிவிட முடியாது. அது துன்ஹுவாங்கில் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.