திருநங்கையரும் எச்.ஐ.வி. அபாயமும்: திருப்பூர் பின்னலாடைப் பகுதி

திருநங்கையரிடையே எச்.ஐ.வி. தொற்று, பொதுமக்களைவிடப் பல மடங்கு கூடுதலாகக் காணப்படுகிறது. 2021-ஆம் ஆண்டுக்கான தேசிய கண்காணிப்பில் இந்தியத் திருநங்கையரிடையே தொற்று விகிதம் 3.78 விழுக்காடு, வயதுவந்த பொதுமக்களிடையே ஏறத்தாழ 0.2 விழுக்காடு. 15 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2013-இல் வெளியான மருத்துவ ஆய்வு, அங்குள்ள திருநங்கையரில் 19.1 விழுக்காட்டினருக்குத் தொற்று இருந்ததாகக் கணக்கிட்டது.

இந்த இடைவெளிக்குக் காரணம் பாலின அடையாளம் அல்ல. பாதுகாப்பற்ற குதவழி உடலுறவில் தொற்று எளிதாகப் பரவும் என்பது உடல் சார்ந்த காரணம். ஆணுறை போன்ற பாதுகாப்பைக் கேட்டுப் பெறும் நிலையில் ஒருவரை இருக்கவிடாத வீடு, வேலையிடம், மருத்துவமனை ஆகியவை சமூகக் காரணங்கள்.

பின்னலாடை ஊரில் வேலை

இவற்றில் வேலையிடத்தின் பங்கைத் திருப்பூரில் காணலாம். 2009-இல் தனி மாவட்டமான திருப்பூர், இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் ஈட்டித்தரும் ஊர். பனியன் கம்பெனி வாசல்களில் 'ஆட்கள் தேவை' அட்டை தொங்குவது வழக்கமான காட்சி. கட்டிங், பவர்டேபிள், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று ஷிப்ட் கணக்கில் வேலை; பெரும்பாலும் சனிக்கிழமை சம்பளம். தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் லைன் வீடுகளிலும் கம்பெனி விடுதிகளிலும் தங்கி உழைக்கிறார்கள்.

வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட ஒரு திருநங்கைக்கு இத்தகைய ஊர் இயல்பான புகலிடமாக இருக்க வேண்டும். ஆனால் விடுதியும் கழிப்பறையும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று எனப் பிரிந்தே இருக்கின்றன. இவரை எங்கே தங்க வைப்பது என்ற கேள்வி, தையல் தெரியுமா என்ற கேள்விக்கு முன்பே எழுந்துவிடுகிறது.

அடுத்த தடை காகிதத்தில் இருக்கிறது. வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) கணக்குக்கு ஆதார் வேண்டும், தொழிலாளர் காப்பீட்டு (இ.எஸ்.ஐ.) பதிவிலும் பெயர் பொருந்த வேண்டும். ஆதாரில் பழைய ஆண் பெயரும் நேரில் சேலை கட்டிய பெண்ணுமாக இருந்தால், சேர்க்கைப் படிவத்திலேயே எல்லார் முன்னிலையிலும் விளக்கம் சொல்ல வேண்டியதாகிறது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் இல்லாத வேலை எனில் மருத்துவப் பாதுகாப்பும் இல்லை.

புறக்கணிப்பு தொற்றாவது எப்படி?

வேலை மறுக்கப்பட்டால் எஞ்சுவது கடை கடையாகக் காசு கேட்பதும் பாலியல் தொழிலும். அன்றைய சோற்றுக்கும் வாடகைக்கும் அந்தப் பணத்தையே நம்பியிருப்பவரால், ஆணுறை வேண்டாமென்று கூடுதல் பணம் நீட்டுபவரைத் திருப்பி அனுப்புவது கடினம். ஆணுறை வைத்திருப்பதையே குற்றத்துக்குச் சான்றாகப் போலீசார் காட்டுவார்கள் என்ற அச்சமும் உண்டு. இந்தியாவில், சென்னை உட்பட, வெங்கடேசன் சக்ரபாணியும் சக ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வுகள் வன்முறை, மனச்சோர்வு, குடிப்பழக்கம் மூன்றும் ஒன்றையொன்று வளர்த்து இந்த அபாயத்தைக் கூட்டுவதைப் பதிவு செய்துள்ளன.

தொற்று வந்த பிறகும் ஒதுக்கல் தொடர்கிறது. ஆண்கள் வரிசையில் நிற்கச் சொல்வது, வேண்டுமென்றே ஆண்பாலில் விளிப்பது, ஆண்கள் வார்டில் படுக்கை கொடுப்பது என மருத்துவமனைகளில் நேரும் அவமானங்களை 2010-இல் வெளியான ஐ.நா. வளர்ச்சித் திட்ட அறிக்கை பட்டியலிட்டது. இத்தனைக்கும், அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். 2004 முதல் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். மருந்தைத் தவறாமல் உட்கொண்டு இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை. ஆகவே ஒருவரை மருத்துவமனை வாசலிலிருந்து விரட்டும் ஏளனம் அவர் உடல்நலத்தை மட்டுமல்ல, ஊரின் நலத்தையும் கெடுக்கிறது.

சட்டமும் நலத்திட்டமும்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் செல்லப்பன் நிர்மலா அந்த ஆய்வை மேற்கொண்டார். 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. நாட்டிலேயே முதலாவதான திருநங்கைகள் நலவாரியம் 2008-இல் தமிழகத்தில் உருவானது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், திருநர் தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது. 2019-ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் அடையாளச் சான்றிதழ் பெற்று ஆவணங்களில் பெயரை மாற்றிக்கொள்ளலாம். அந்தச் சான்றிதழ் பி.எஃப்., இ.எஸ்.ஐ. சிக்கலுக்கும் வழி திறக்கிறது.

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. - எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், வேலைக்குச் சேர்க்கப் பரிசோதனை கேட்பதையும் தொற்றைக் காரணம் காட்டி நீக்குவதையும் தடை செய்கிறது. நூறு பேரோ அதற்கு மேலோ உழைக்கும் பனியன் கம்பெனிகள் இதற்கெனப் புகார் அலுவலரை நியமிக்க வேண்டும். ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் சிறு பட்டறைகள் பலவற்றுக்கு இந்தக் கட்டாயம் பொருந்தாது. பாகுபாட்டுத் தடை மட்டும் அவற்றுக்கும் பொருந்தும். திருநர் பாதுகாப்புச் சட்டமோ, அளவைப் பாராமல் எல்லா நிறுவனங்களிலும் புகார் அலுவலர் இருக்க வேண்டும் என்கிறது.