சாலைக் கடைத்தெருவின் பேரேடுகள்



திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டை வாயிலிலிருந்து கிள்ளிப்பாலத்தை நோக்கிச் செல்லும் தெருவுக்குச் சாலை என்று பெயர். எல்லா ஊரிலும் சாலைகள் உண்டு; ஆனால் அவ்வூரில் ‘சாலைக்குப் போய் வருகிறேன்’ என்றால், கடைத்தெருவுக்குப் போகிறேன் என்பதே பொருள். தர்மராஜா எனப் பெயர் பெற்ற கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் 1758 முதல் 1798 வரை திருவிதாங்கூரை ஆண்டார். அவருடைய திவானாக விளங்கிய இராஜா கேசவதாசரே இக்கடைத்தெருவை அமைத்தவர். ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்த பெருமையும் அவருக்கு உண்டு.

கடைத்தெரு தோன்றியதும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் தமிழ் வணிகர் வந்து குடியேறினர். அரிசி, புளி, மிளகாய், பாத்திரம், துணி, நாட்டு மருந்து எனச் சரக்குகள் பலவாயின. சரக்கோடு அவர்கள் கொண்டுவந்த மற்றொன்றும் உண்டு. அதுவே தமிழ்க் கணக்குமுறை. அம்முறை காகித ஏட்டை விட்டுக் கணிப்பொறிக்குச் செல்லும் வரலாற்றையே இன்று எடுத்துக்கொள்கிறேன். இது சாலைக்கு மட்டும் உரிய செய்தியன்று. பிற மாநிலங்களில் கடை வைத்து வாழும் தமிழர் அனைவருக்கும் பொதுவானது.

பழைய முறை எளியது, ஆனால் கண்டிப்பானது. பிள்ளையார் சுழியிட்டே ஏடு தொடங்கும். விற்றதும் வாங்கியதும் அவ்வப்போது சிட்டையில் ஏறும். மாலையில் கல்லாப்பெட்டியின் ரொக்கத்தோடு சிட்டையை ஒத்துப் பார்த்தபின், கணக்கு குறிப்பேட்டுக்குச் செல்லும். அங்கிருந்து ஆள்வாரியாகவும் சரக்குவாரியாகவும் பிரிந்து பேரேட்டில் பதியும். ஆண்டு முடிவில் ஐந்தொகை போட்டு, வணிகத்தின் நிலையைக் காண்பார்கள். இவ்வளவும் கணக்குப்பிள்ளை ஒருவரின் கையெழுத்தில் அடங்கியிருக்கும்.

சாலைக் கணக்குப்பிள்ளையின் வேலை பிற ஊர்களைக் காட்டிலும் கடினமானது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம். 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய். ஆனால் பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். திருநெல்வேலியில் பிரிட்டிஷ் ரூபாய்க்கு வாங்கிய சரக்கைச் சாலையில் சக்கரத்துக்கு விற்றவர், அந்த அரைச் சக்கரத்தை மறந்தால் இலாபம் போய்விடும். எனவே வணிகர் பிள்ளைகளுக்குக் காணி, மா, வீசம் முதலிய பின்னங்கள் மனப்பாடமாக இருந்தன.

இந்தக் கணக்குமுறை பல மாறுதல்களைத் தாங்கியது. 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபின் சக்கரம் விடைபெற்றது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நாஞ்சில் நாட்டு வணிகரின் சொந்த ஊர் ஒரு மாநிலத்திலும் கடை வேறொரு மாநிலத்திலுமாயின. நேற்றுவரை உள்ளூர்க் கொள்முதலாக இருந்தது மாநிலம் கடந்த வாணிபமாயிற்று. 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தது. 1958 முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக வந்தன. துலாமும் பலமும் கிலோவுக்கு வழிவிட்டன. அளவைகள் மாறினவேயன்றி ஏடு மாறவில்லை.

ஏடே மாறத் தொடங்கியது பிற்காலத்தில். 1986-இல் பெங்களூரில் சியாம் சுந்தர் கோயங்கா என்னும் வணிகர், தம் தொழிலுக்கேற்ற கணக்குச் செயலி கிடைக்காமையால், தம் மகன் பரத் கோயங்காவைக் கொண்டே ஒன்றை ஆக்குவித்தார். அதுவே பின்னர் ‘டேலி’ என்று நாடெங்கும் பரவியது. ஆயினும் சிறு வணிகர் பலரைக் கணிப்பொறியிடம் கொண்டு சேர்த்தது, 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த சரக்கு சேவை வரியே. வரி விவரங்களை இணையவழியே அளிக்க வேண்டியதாயிற்று. 2018 ஏப்ரல் 1 முதல், ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் கடக்க மின்வழிச் சீட்டும் வேண்டியதாயிற்று. வரிப்பதிவு எண்ணின் தொடக்கத்தில் கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்தடுத்த எண்களே, ஆயினும் நாகர்கோவிலிலிருந்து சாலைக்கு வரும் பெருமதிச் சரக்குக்குச் சீட்டு இன்றியமையாதது.

இம்மாற்றத்தால் நன்மைகள் பல. எந்தச் சரக்கு எவ்வளவு இருப்பு, யாரிடம் எத்தனை நாளாகப் பாக்கி என்பன நொடியில் தெரிகின்றன. கரையானுக்கும் மழை ஈரத்துக்கும் அஞ்ச வேண்டுவதில்லை. சட்டமும் இதை ஏற்றுள்ளது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் முறையாக எழுதப்பட்ட கணக்கேட்டைச் சான்றாக ஏற்றது. ஆயினும் அது மட்டுமே ஒருவரைக் கடனாளியாக்கப் போதாது என்றும் விதித்தது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுக் கணக்கையும் அவ்வேட்டோடு சேர்த்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சாட்சியச் சட்டமும் அவ்வாறே கொள்கிறது. தவறிய பதிவை அழிக்காமல், படிக்கும்படி கோடிட்டு அருகில் திருத்துவது நல்ல கணக்குப்பிள்ளையின் வழக்கம். மின்னணுக் கணக்கில் திருத்திய, நீக்கிய பதிவுகளின் தடம் இருக்க வேண்டும் என்று இன்றைய வரிவிதியும் கூறுகிறது. பழைய ஒழுக்கமே புதிய உருவில் வந்துள்ளது எனலாம்.

அவ்வாறாயின் இழப்பு யாது? பேரேட்டை மூடிக் கணிப்பொறியைத் திறக்கும் நாளில், ஒவ்வொருவர் பெயரிலும் நிற்கும் பாக்கித்தொகை மட்டுமே புதுக்கணக்கில் ஏறுகிறது. அத்தொகை எவ்வாறு வளர்ந்தது, எந்தப் பஞ்சத்தில் பொறுத்தார்கள், எந்தத் திருமணத்துக்குக் கடன் கொடுத்தார்கள் என்பன ஏறுவதில்லை. தமிழில் எழுதிய பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் புகுகின்றன. இதற்குப் பொறியைக் குறைகூற இயலாது. பற்று, வரவு, மேற்படி ஆகியவற்றுக்கான பழந்தமிழ்க் குறிகள் 2003-இலேயே யூனிகோடில் இடம்பெற்றன. முந்திரி முதலிய பின்னங்களும் அளவைக் குறிகளும் 2019-இல் சேர்ந்தன. பொறி கற்றுக்கொண்டதை நம் பிள்ளைகள் மறந்து வருகிறார்கள்.

சாலைக்கு மிக அருகே, கோட்டைக்குள், பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்கள் பல இலட்சம் ஓலைகளாகப் பாதுகாக்கப்படுகின்றன. கோயிலின் வரவு செலவே இன்று அந்நாட்டு வரலாற்றின் மூலமாக விளங்குகிறது. 2022-இல் அங்கு ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. கோயில் கணக்கை அரசு காக்கிறது. கடைக்கணக்கை யார் காப்பது? சாலையிலேயே கடை நடத்திய எழுத்தாளர் ஆ. மாதவன் அத்தெருவின் மாந்தரைக் கதைகளில் நிலைநிறுத்தினார். அவர் 2021-இல் மறைந்தார். கதையில் இடம்பெறாத எத்தனையோ பேரின் வாழ்க்கைக்கு, பேரேட்டின் ஒரு பக்கமே எஞ்சிய சான்று.

ஆண்டறிக்கைக்குரிய கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காத்தால் போதும் என்பது வரிச்சட்டம். சட்டத்துக்கு ஏடு பயனற்றுப் போகும் அந்நாளில்தான் வரலாற்றுக்கு அது பயன்படத் தொடங்குகிறது. ஆதலின், மும்பையிலோ பெங்களூரிலோ தில்லியிலோ கடை நடத்தும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் கிடக்கும் பழைய ஏடுகளை எடைக்குப் போடுமுன், பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஆண்டையும் ஊரையும் குறித்து வையுங்கள். அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்த முதியவர் வீட்டில் இருந்தால், பிள்ளைகளை அருகில் அமர்த்தி ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லுங்கள். கணிப்பொறி இன்றைய இருப்பைச் சொல்லும். நாம் இவ்வூருக்கு எவ்வாறு வந்தோம் என்பதை அந்த ஏடுதான் சொல்லும்.