யுத்தத்துக்குப் போகாத டாங்கிகள்

கோடை விடுமுறையில் ஒரு பிற்பகல். என் மகன் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து யுத்தம் நடத்திக்கொண்டிருந்தான். பக்கத்து அறையில் நான் ஒரு தொடர்கதையின் அத்தியாயத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தேன். என் கதாநாயகியின் கண்ணீருக்கும் அவனுடைய பீரங்கிச் சத்தத்துக்கும் ஒத்துப்போகவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"இது என்ன வண்டியடா?"

"ஏ-32 அப்பா. சோவியத் டாங்கி. ஆனால் பட்டாளத்தில் இதைச் சேர்க்கவே இல்லை. சோதனைக்காகச் செய்து பார்த்ததோடு சரி."

"சேர்க்காத டாங்கியை வைத்துக்கொண்டா நீ சண்டை போடுகிறாய்?"

"விளையாட்டில்தானே அப்பா!" என்று சிரித்தான்.

அந்த விளையாட்டின் பெயர் 'வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ்'. 2010-ல் வெளிவந்தது. அதில் புதுப்புது டாங்கிகளைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். யுத்தத்தில் புகழ்பெற்றவை தீர்ந்துபோனால் என்ன செய்வது? பழைய வரைபடங்களையும் பொருட்காட்சிசாலைகளையும் தேடி, சோதனையோடு நின்றுபோன டாங்கிகளை எழுப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள். படகு போன்ற உடலும் நான்கு சங்கிலிப் பட்டைகளும் கொண்ட ஒரு விசித்திரத்தை மகன் காட்டினான். 'ஆப்ஜெக்ட் 279' என்று பெயர். அணுகுண்டு அதிர்ச்சியிலும் கவிழாமல் நிற்க வேண்டும் என்று 1959-ல் லெனின்கிராடில் செய்தது. எடை 60 டன். மறு வருஷமே, இனிக் கனமான டாங்கிகள் வேண்டாம் என்று குருஷேவ் நிறுத்திவிட்டார்.

ஆனால் என் மனம் அந்த ஏ-32-லேயே நின்றுவிட்டது. அதன் பின்னால் ஒரு மனிதரின் கதை இருப்பது எனக்கு முன்பே தெரியும்.

அவர் பெயர் மிகயீல் கோஷ்கின். 1898-ல் ஓர் ஏழைக் குடியானவன் வீட்டில் பிறந்தவர். பிழைப்புத் தேடி மாஸ்கோவுக்கு வந்த சிறுவனுக்கு மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. முப்பது வயதுக்கு மேல்தான் இன்ஜினீயரிங் படித்துத் தேறினார். 1936-ன் கடைசியில் அவரை உக்ரேனிலுள்ள கார்கிவ் நகரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ரயில் என்ஜின் தொழிற்சாலையில் டாங்கியும் செய்துவந்தார்கள். டாங்கிகளைத் திட்டமிடும் பிரிவுக்குக் கோஷ்கின் தலைவரானார்.

அந்த நாற்காலி சாமானியமானதல்ல. அவருக்கு முன் அதில் இருந்தவர் அஃபனாசி ஃபிர்ஸோவ். டாங்கிகளின் கியர்ப்பெட்டிகள் உடைந்துபோனதற்காக அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். பிறகு கைது செய்தார்கள். ஃபிர்ஸோவ் உயிரோடு திரும்பவில்லை. ஸ்டாலின் காலத்தில் ஒரு பல்சக்கரம் உடைந்தால் ஒரு மனிதனும் உடைந்துபோவான்.

அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு, கோஷ்கின் மேலிடத்து விருப்பத்துக்கு மாறாக ஒரு யோசனை சொன்னார். சங்கிலியைக் கழற்றிவிட்டுச் சக்கரத்திலும் ஓடக்கூடிய டாங்கிதான் அதிகாரிகளுக்கு வேண்டியிருந்தது. அதுதான் ஏ-20. இந்த இரட்டை ஏற்பாடே வீண் சுமை என்பது கோஷ்கினின் வாதம். அதை எடுத்துவிட்டால், மிச்சப்படும் எடைக்குக் கவசத்தைத் தடிப்பாக்கலாம், பீரங்கியையும் பெரிதாக்கலாம் என்றார். கவசத் தகடுகளைச் சாய்த்து வைத்தார்கள். சாய்ந்த தகட்டில் பட்ட குண்டு வழுக்கிப் போகும், துளைக்க முயன்றாலும் அதிக கனத்தைக் கடக்க வேண்டும். இரண்டையும் செய்து பார்க்க அனுமதி கிடைத்தது. 1939-ல் ஏ-20-ம் ஏ-32-ம் சோதனைக்கு ஓடின. ஏ-32-ன் கவசத்தை 45 மில்லிமீட்டராக்கிப் பிறந்ததுதான் உலகமறிந்த டி-34.

1940 மார்ச்சில் இரண்டு டாங்கிகளை மாஸ்கோவில் காட்ட வேண்டியிருந்தது. விதிப்படி அவை 2,000 கிலோமீட்டர் ஓடியிருக்க வேண்டும், ஓடியிருக்கவில்லை. ரயிலில் ஏற்றினால் கணக்கு நேராகாது. அப்படியானால் ஓட்டிக்கொண்டே போவோம் என்று புறப்பட்டுவிட்டார் கோஷ்கின். உறைபனிக் காலம். ரகசியம் காக்க, ஊர்களையும் பெரிய சாலைகளையும் விலக்கிக் காட்டிலும் வயலிலும் போனார்கள். அவருக்கு அப்போதே ஜலதோஷம். மார்ச் 17-ஆம் தேதி கிரெம்ளின் முற்றத்தில் ஸ்டாலின் டாங்கிகளைப் பார்த்தார், அவருக்குப் பிடித்தது. கோஷ்கினின் ஜலதோஷமோ நிமோனியாவாக முற்றிவிட்டது. செப்டம்பர் 26-ஆம் தேதி அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 41. என்னைவிட இளையவர்.

தம் டாங்கி யுத்தத்தில் என்ன செய்தது என்பதை அவர் பார்க்கவே இல்லை. 1941-ல் ஜெர்மானியர் நெருங்கியபோது, கார்கிவ் தொழிற்சாலையை ரயிலில் ஏற்றி யூரல் மலைப் பக்கம் நிஷ்னி தாகில் என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள். கோஷ்கினின் துணைவராயிருந்த அலெக்சாண்டர் மொரோஸோவ் அங்கே வேலையைத் தொடர்ந்தார். 1951-ல் அவர் கார்கிவுக்குத் திரும்பினார். அங்கே அவர் செய்து பார்த்த 'ஆப்ஜெக்ட் 430' சோதனையோடு நின்றது. ஆனால் அந்தத் தோல்வியின் வழியாகத்தான் டி-64 வந்தது. நிஷ்னி தாகிலில் தங்கிவிட்ட கிளை, அதே டி-64-ஐ அடிப்படையாகக் கொண்டு டி-72-ஐச் செய்தது.

இதற்கு அப்பால் சரித்திரம் எழுதியதைக் கதையில் நான் எழுதியிருந்தால், மிகையான கற்பனை என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார். 2022-ல் ருஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தது. கார்கிவ் நகரத்தில் குண்டுகள் விழுந்தன. உக்ரேன் பக்கத்தில் டி-64, ருஷ்யப் பக்கத்தில் டி-72. ஒரே பட்டறையின் இரண்டு கிளைகள் வயல்வெளியில் எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்டன. பங்காளிகள் பாகம் பிரித்துக்கொண்ட பிறகு நடக்கும் சண்டையை நாம் அறியாதவர்களா? ஆனால் இங்கே பாகம் பிரிந்தது இரும்பு, எரிந்தது மனிதர்கள்.

இதையெல்லாம் மகனிடம் சொன்னேன். விளையாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"மிட்டாய்க் கம்பெனியில் வேலை பார்த்தவரா?" என்றான். எல்லாவற்றிலும் அவன் மனத்தில் தைத்தது அதுதான்.

பிறகு மறுபடியும் ஆட உட்கார்ந்தான். இரண்டு நிமிஷத்தில் அவனுடைய ஏ-32 எரிந்து நின்றது. உடனே திரையில் ஒரு கணக்கு வந்தது: பழுது பார்க்க இத்தனை வெள்ளிக் காசு. அவன் ஒரு பித்தானை அமுக்கினான்; டாங்கி புத்தம் புதிதாக நின்றது.

நான் தடுக்கவில்லை. குழந்தைகள் மரக்கத்தி சுழற்றாத காலம் எது? ஆனால் அந்த வெள்ளிக் கணக்கில் ஃபிர்ஸோவின் சிறையும் இல்லை, கோஷ்கினின் பனி இரவுகளும் இல்லை. அவற்றை அந்த விளையாட்டு சொல்லாது. பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. என் அத்தியாயத்துக்குத் திரும்பினேன். கதாநாயகியின் கண்ணீரை அன்று கொஞ்சம் குறைத்தே எழுதினேன்.