வெல்ஷ் பிளக்: ஒரு சின்னத் தகட்டின் கதை

அம்பாசிடர் கார் வைத்திருந்தவர்களுக்கு 'வெல்ஷ் பிளக்' என்ற பெயர் ஞாபகம் இருக்கும். எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் ஏறக்குறைய ஒன்றரை அங்குல வட்டத்தில், மூடி போட்ட மாதிரிச் சில தகடுகள் தெரியும். அவைதான். பார்த்தால் ஒரு பொருட்டாகவே தோன்றாது. அந்தத் தகடு ஒன்றினால் எங்கள் வீட்டில் ஒரு நல்ல மனிதரை இழந்தோம். அதைச் சொல்வதற்கு முன் தகட்டின் சரித்திரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நம் கோவையில் பவுண்டரியில் வேலை பார்த்தவர்களுக்கு 'கோர்' என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: எஞ்சின் பிளாக் என்பது வார்ப்பிரும்பு. சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடுவதற்கு அதற்குள் வெற்றிடம் வேண்டும். கெட்டி இரும்பை வார்த்துவிட்டு உள்ளே குடைய முடியாது. அதனால் வெற்றிடம் வரவேண்டிய வடிவத்தில் மணலைப் பசை சேர்த்துக் கெட்டியாக்கி, அச்சுக்குள் நிறுத்திவைத்து, சுற்றிலும் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். அந்த மணல் உருவம்தான் கோர். அது அச்சுக்குள் அந்தரத்தில் நிற்காது. தாங்குவதற்குப் பக்கவாட்டில் கால்கள் வேண்டும். இரும்பு ஆறியதும் மணலை உதிர்த்து வெளியே எடுக்கவும் வழி வேண்டும். இந்த இரண்டுக்குமாக பிளாக்கில் ஓட்டைகள் அமைகின்றன. வேலை முடிந்ததும் அவற்றை அடைத்தாக வேண்டும். அடைக்கும் மூடிதான் நம் கதாநாயகன். இங்கிலாந்தில் இதைக் 'கோர் பிளக்' என்பார்கள். பொருத்தமான பெயர்.

ஆரம்ப நாட்களில் மரை போட்ட திருகு மூடிகளால்தான் இந்த ஓட்டைகளை அடைத்தார்கள். 1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வெல்ச் சகோதரர்கள் என்று கார் கம்பெனி நடத்தியவர்கள் இருந்தார்கள். சோதனை ஓட்டத்தில் ஒருநாள் திருகு மூடி ஒன்று கழன்று விழுந்துவிட்டது என்றும், சகோதரர்களில் ஒருவர் பையிலிருந்த வெள்ளி நாணயத்தை ஓட்டையில் வைத்துச் சுத்தியலால் அடித்து இறுக்கி வண்டியை ஓட்டிவந்தார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, அவர்கள் கொண்டுவந்த மூடி அந்தத் தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. லேசாகக் குவிந்த வட்டத் தகடு. குவிந்த பக்கம் வெளியே இருக்கும்படி வைத்து நடுவில் ஓர் அடி அடித்தால் தட்டையாகி, விளிம்பு விரிந்து ஓட்டையை இறுகப் பிடித்துக்கொள்ளும். 'வெல்ச்' நம் ஊர்க் கடை பில்லில் 'வெல்ஷ்' ஆகிவிட்டது. வேல்ஸ் நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அமெரிக்கர்கள் இதற்கு வைத்த இன்னொரு பெயர் 'ஃப்ரீஸ் பிளக்'. தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பருமன் கூடும். குளிர் நாட்டில் இரவு வெளியே நின்ற காரின் எஞ்சினுக்குள் தண்ணீர் உறைந்தால் வார்ப்பிரும்பே வெடித்துவிடும். சில சமயம் பிளாக் வெடிப்பதற்கு முன் இந்த மூடி பிதுங்கி வெளியே வந்து பிளாக்கைக் காப்பாற்றியது. அதைப் பார்த்து, இதற்காகவே வைத்தது என்று ஜனங்கள் நம்பிவிட்டார்கள். உண்மையில் மணல் எடுத்த வழியை அடைக்க வந்த மூடிதான். அது காப்பாற்றும் என்று உத்தரவாதம் இல்லாததால்தான் ரேடியேட்டரில் ஆல்கஹாலும் கிளிசரினும் கலந்தார்கள். 1927இல் அமெரிக்காவில் எத்திலீன் கிளைக்கால் விற்பனைக்கு வந்தது. இன்று கூலன்ட் என்று நாம் வாங்குவதில் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது. உறையாமல் தடுப்பதோடு, அதில் துருவைத் தடுக்கும் மருந்தும் சேர்ந்திருக்கும்.

நம் ஊரில் தண்ணீர் உறையாது. அதனால் கூலன்ட் எதற்கு என்று இருந்துவிட்டோம். மாருதி வந்த பிறகுதான் அந்தச் சொல்லே என் காதில் விழுந்தது. அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சின் இங்கிலாந்தில் ஆஸ்டின், மோரிஸ் கார்களுக்காகச் செய்த எஞ்சின். குளிர் தேசத்து எஞ்சினுக்கு நாம் குழாய்த் தண்ணீர் ஊற்றினோம். அங்கே பிளக்குக்கு எதிரி பனி, இங்கே துரு.

எங்களுடையது 1965 மாடல் மார்க் 2. அப்பா 1971இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். அன்று முதல் ஒரே டிரைவர். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ரேடியேட்டருக்குச் சிறுவாணித் தண்ணீரைத்தான் ஊற்றுவார். 1982இல் அப்பா காலமானார். அதற்கடுத்த வருஷம் வீட்டில் போர் போட்டோம். "நமக்கே நல்ல தண்ணி பத்தலை, காருக்கு எதுக்குங்கண்ணா சிறுவாணி? உப்புத் தண்ணியே ஊத்துங்க" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

1984 ஏப்ரலில் மகளுக்குக் காதுகுத்த பழனிக்குப் புறப்பட்டோம். உடுமலை தாண்டியதும் வண்டி கொதித்து நின்றுவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லோரும் வெயிலில் நிற்கிறார்கள். "காலையில தண்ணி பார்த்தீங்களா இல்லையா? அப்பா போனதுக்கப்புறம் உங்களுக்கு அக்கறையே இல்லை" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். "பார்த்தனுங்க தம்பி, தலை தட்ட ஊத்துனனுங்க" என்றார். நான் நம்பவில்லை. கீழே ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லையே, பிறகு தண்ணீர் எங்கே போகும்? மறுநாள் காலை சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மெக்கானிக் வந்து பார்த்தார். ஹெட் கேஸ்கட் என்று நான் நினைத்திருந்தேன். அவர் டார்ச் அடித்து, கை நுழையாத ஓர் இடுக்கைக் காட்டினார். பிளக்குக்குக் கீழே பழுப்பும் வெள்ளையுமாக ஒரு கோடு. "ஓட்டும்போது கசியற தண்ணி சூட்டுலயே ஆவியாயிரும் தம்பி. கீழ சொட்டாது. அதான் யாருக்கும் தெரியலை" என்றார்.

தண்ணீரை வடித்துவிட்டு, தகட்டின் ஓர் ஓரத்தில் உளியை வைத்துத் தட்டினார். அது குறுக்கே திரும்பியதும் பிளையரால் பிடித்து இழுத்தார். பலமாக அடித்தால் தகடு உள்ளே விழுந்துவிடும், சிலிண்டர் சுவரிலும் அடிபடும் என்றார். வெளியே வந்தது தகடு அல்ல, துருவின் சல்லடை. உள்ளே இருந்து அரித்து, பெயின்ட்தான் மிச்சம். பின்னால் கம்பி விட்டுக் கிளறியபோது துருச்சேறும் சுண்ணாம்புக் காரையும், கூடவே கொஞ்சம் கருமணலும் வந்தன. வார்த்தபோது உதிராமல் தங்கிய மணல் என்றார்.

"ஒண்ணு போச்சுன்னா மத்ததும் அதே வயசுதானே" என்று எல்லா பிளக்கையும் எடுத்தார். குழியை எமரித் தாளால் பளபளவென்று துடைத்து, விளிம்பில் பசை தடவி, பித்தளைப் பிளக்குகளை அடித்து இறக்கினார். பித்தளை துருப்பிடிக்காது. "உப்புத் தண்ணியாலதானுங்களா?" என்று கேட்டேன். "வெறும் தண்ணி எதுவானாலும் ஒருநாள் அரிக்கும் தம்பி. உப்பு இருந்தா சீக்கிரம்" என்றார்.

அன்று சாயங்காலமே சிங்காநல்லூரில் இருந்த டிரைவர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி, "தப்பு என் மேலதானுங்கண்ணா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எல்லாப் பிளக்கையும் மாத்துனீங்களா?" என்றார். "மாத்தியாச்சுங்க." "பித்தளைதானுங்களே?" "ஆமாங்க." காபி கொடுத்தார்கள், குடித்தேன். ஒரு மில்லில் லாரி ஓட்ட ஒப்புக்கொண்டுவிட்டதாகச் சொன்னார். திரும்பி வரச் சொல்லிக் கேட்டேன். சிரித்தார், வரவில்லை. எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு மட்டும் தவறாமல் வந்தார்.

1996இல் வண்டியை விற்கும்வரை ரேடியேட்டருக்கு நல்ல தண்ணீரை நானே பிடித்து ஊற்றினேன். அந்தப் பழைய தகடு இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது. பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் யாராவது இருந்தால் ஒன்று சொல்கிறேன். தண்ணீர் குறைகிறது, கீழே ஈரமில்லை என்றால் முதலில் டார்ச் எடுத்துக்கொண்டு எஞ்சின் பக்கவாட்டைப் பாருங்கள். டிரைவரை அப்புறம் கேட்கலாம்.