இலவசமாகக் கிடைக்கும் பழைய ஈயம்: உருக்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வீடு மாறும்போதோ புதுப்பிப்புப் பணியின்போதோ பழைய பெட்டியின் அடியில் சாம்பல் நிறக் கட்டி ஒன்று அகப்படும். பார்க்கக் கையளவுதான், தூக்கினால் கனக்கும். நகத்தால் கீறினால் கோடு விழும். தாத்தா தூண்டிலுக்கு வைத்திருந்த குண்டாக இருக்கலாம், வலையின் ஓரத்தில் கோத்த மணியாக இருக்கலாம், கார் சக்கரத்தில் பொருத்தும் சமநிலை எடையாகவும் இருக்கலாம். எடைக்குப் போட்டால் சில வெள்ளி கிடைக்கும், அடுப்பில் உருக்கினால் புதிதாகத் தூண்டில் குண்டு வார்க்கலாம் என்ற எண்ணம் வருவது இயல்பு.

இதில் இரண்டாவது எண்ணத்தைக் கைவிடுவது நல்லது. ஈயம் எளிதில் உருகும், எளிதில் அச்சில் நிரம்பும். அதனால்தான் பல நூற்றாண்டுகளாக மக்கள் பழைய ஈயத்தைத் தேடிச் சேர்த்தார்கள். ஆனால், காசு கொடுக்காமல் கிடைத்த ஈயத்துக்கும் விலை உண்டு. உருக்கியவரின் உடலும் அவர் வீட்டுப் பிள்ளைகளும் அந்த விலையைக் கொடுத்தார்கள்.

காரீயமா, வெள்ளீயமா?

தமிழில் ‘ஈயம்’ என்ற ஒரு சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. ஒன்று வெள்ளீயம், மற்றது காரீயம். மலாய் மொழியிலும் இதே வழக்கம்தான்: வெள்ளீயம் ‘தீமா பூத்தே’, காரீயம் ‘தீமா ஹீத்தாம்’. பண்டைய ரோமானியர்களும் இவற்றைக் கறுப்பு, வெள்ளை என்றே பிரித்து அழைத்தனர்.

ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் பித்தளைப் பாத்திரத்துக்குள் பூசும் ஈயமும் வெள்ளீயம். 1890ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரின் புலாவ் பிரானி தீவில் இயங்கிய புகழ்பெற்ற உருக்காலை உருக்கியதும் அதைத்தான். தூண்டில் குண்டு, கார் மின்கலம், பழைய துப்பாக்கிக் குண்டு ஆகியவை காரீயம். நச்சு உள்ளது காரீயத்தில். பென்சில் முனையை ஈயம் என்று சொல்வதுண்டு. அது கிராபைட் என்னும் கரிப்பொருள், அதில் ஈயமே இல்லை.

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை 1 கிலோ என்றால், அதே கொள்ளளவுள்ள வெள்ளீயம் சுமார் 7.3 கிலோ இருக்கும், காரீயம் 11.3 கிலோ. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியசிலும் காரீயம் 327 டிகிரியிலும் உருகும். காரீயத்தைக் காகிதத்தில் தேய்த்தால் சாம்பல் நிறக் கோடு விழும். தூய வெள்ளீயக் கம்பியைக் காதருகே வைத்து வளைத்தால் மெல்லிய நொறுங்கல் ஓசை கேட்கும்.

ஆனால், இரண்டும் கலந்திருந்தால் கண்ணாலும் காதாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வகத்தில்தான் சோதிக்க வேண்டும். ஈயச்சொம்பு வாங்குவோர் கவனிக்க வேண்டிய இடம் இது. சொம்பில் காரீயம் கலந்திருந்தால் புளியும் தக்காளியும் அதைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும். எங்கே, எதில் செய்தது என்று கடைக்காரரால் சொல்ல முடியாத, விலை மிகக் குறைந்த சொம்பைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

குண்டு வார்த்த காலம்

1819ஆம் ஆண்டு ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் இறங்கியபோது அவருடன் வங்காளப் படையின் சிப்பாய்களும் வந்தனர். பிற்காலத்தில் மதராஸ் படையினரும் இங்கே காவல் இருந்தனர். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை வட்டாரத்துக்கு ‘சிப்பாய் லைன்ஸ்’ என்ற பெயர் வந்தது அவர்களால்தான்.

அக்காலச் சிப்பாய்களின் துப்பாக்கி, குழாயின் வாய்வழியே வெடிமருந்தையும் உருண்டைக் குண்டையும் போட்டு, கம்பியால் கிட்டித்துச் சுடும் வகையைச் சேர்ந்தது. ஒரு குண்டின் எடை ஏறக்குறைய 30 கிராம். அதற்குக் கலப்பில்லாத மென்மையான காரீயம்தான் ஏற்றது. விறகடுப்பு, இரும்புக் கரண்டி, இடுக்கிபோல் மூடும் அச்சு ஆகிய மூன்றும் இருந்தால் யாரும் குண்டு வார்க்கலாம். தமிழ்நாட்டில் நாட்டுத் துப்பாக்கியால் வேட்டையாடிய நரிக்குறவர்களுக்கும் இந்த ஈயம் பழக்கமானதுதான். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்த வேட்டைக்கு இடமில்லாமல் போனது.

போர்க்காலத்தில் ஈயம் இருந்த இடமெல்லாம் குண்டுக்கான சுரங்கம் ஆயிற்று. 1776 ஜூலை 9ஆம் தேதி நியூயார்க் மக்கள் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஈயச் சிலையைக் கவிழ்த்தார்கள். அதன் துண்டுகள் கனெக்டிகட்டின் லிட்ச்ஃபீல்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே வார்த்த குண்டுகளுக்குக் கணக்கு எழுதி வைத்தார்கள்: 42,088. வார்த்தவர்களில் பெண்களும் சிறுமிகளும் இருந்தனர். ஈயப் புகையைப் பற்றி அன்று யாரும் கவலைப்படவில்லை.

பாலாடைக்கட்டி மூடியில் பிறந்த தமிழ் எழுத்து

பழைய ஈயத்தைத் தேடி வார்த்த கதை தமிழ் அச்சு வரலாற்றிலும் உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கிய அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் 1713ஆம் ஆண்டு வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியவை. காகிதத்தை அளவின்றி விழுங்கின. சிறிய எழுத்துகளை உள்ளூரிலேயே வார்க்க வேண்டியதாயிற்று. அதற்கு ஈயம் வேண்டுமே!

இங்கிலாந்திலிருந்து அன்பளிப்பாக வந்த பாலாடைக்கட்டிகளை ஈய உறைகளில் அடைத்து அனுப்பியிருந்தார்கள். அந்த உறைகளை உருக்கியே சிறிய தமிழ் எழுத்துகளை வார்த்துப் பார்த்தனர் என மிஷன் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பக்கத்திலுள்ள பொறையாறு அந்த வார்ப்புக்கூடத்துக்கு இடம் கொடுத்தது. 1715ஆம் ஆண்டு தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது.

சிங்கப்பூர்த் தமிழ் இதழ்களும் ஈயத்தின்மேல் நின்றவைதான். 1887ஆம் ஆண்டு சி.கு. மகுதூம் சாயபு நடத்தத் தொடங்கிய ‘சிங்கை நேசன்’, 1935ஆம் ஆண்டு கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ ஆகியவை பிறந்த காலத்தில், காரீயத்துடன் ஆன்டிமனியும் வெள்ளீயமும் சேர்த்து வார்த்த எழுத்துகளைக் கொண்டே செய்தித்தாள்கள் அச்சாகின. தேய்ந்த எழுத்தைக் குப்பையில் போடுவதில்லை. உருக்கினால் மறுபடி புதிய எழுத்து. நேற்றைய தலைப்பில் இருந்த ஈயம் நாளைய செய்தியில் வந்து நிற்கும்.

ஆனால், எழுத்து வார்த்தவர்களுக்கும் அச்சுக்கோத்தவர்களுக்கும் வயிற்றுவலியும் இரத்தசோகையும் தொழில்நோயாக வந்தன. ஈயம் தொட்ட கையோடு சாப்பிட்டதும், உருக்கும்போது எழும் புகையையும் தூசியையும் சுவாசித்ததும் அதற்குக் காரணம்.

சிங்கப்பூரில் பழைய ஈயம்

லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஜாலான் புசார் பக்கம் சுங்கை ரோடு சந்தை இருந்தது. 1930களில் தொடங்கி, வெல்ட் சாலை, பாசார் லேன் வட்டாரத்தில் பல தலைமுறைகள் நடந்த பழைய பொருள் சந்தை அது. 2017 ஜூலை 10ஆம் தேதியுடன் அது மூடப்பட்டது. பழைய உலோகச் சாமான் தேடுவோருக்கு நகரின் நடுவே இருந்த பெரிய இடம் அத்துடன் போனது.

மீதமிருப்பவர்கள், பேட்டைகளில் புளோக் புளோக்காக வரும் ‘கரங்கூனி’ வியாபாரிகள். கரங்கூனி என்றால் மலாயில் சாக்குப்பை. அதில் வரும் ‘கூனி’ நமது ‘கோணி’க்கு உறவுச்சொல். செய்தித்தாள், துணி, மின்சாதனம் ஆகியவற்றோடு உலோகத்தையும் அவர்கள் எடைபோட்டு வாங்குவதுண்டு.

கார் பழுதுபார்க்கும் பட்டறைகளில் பழைய மின்கலங்களும் சக்கர எடைகளும் சேரும். கார் மின்கலத்தின் எடையில் பாதிக்கு மேல் காரீயம்தான். உலகில் இன்று பயன்படும் காரீயத்தின் பெரும்பகுதி மின்கலத்துக்கே போகிறது. சுரங்கத்தில் எடுப்பதைவிடப் பழையதை உருக்கிப் பெறுவதே அதிகம். சக்கர எடையைக் கண்டதும் ஈயம் என்று முடிவு செய்யவும் முடியாது. புதிய எடைகள் பல, துத்தநாகம் அல்லது எஃகால் ஆனவை.

துப்பாக்கிக் குண்டு வார்க்கும் பேச்சுக்கே இங்கு இடமில்லை. அமெரிக்காவில் பழைய வகைத் துப்பாக்கிக்குத் தாமே குண்டு வார்ப்பது சிலருக்குப் பொழுதுபோக்கு; பட்டறைகளில் ஈயம் கேட்டு வாங்குவார்கள். சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, துப்பாக்கியையோ தோட்டாவையோ சட்டவிரோதமாக வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறையும் குறைந்தது 6 பிரம்படிகளும் விதிக்கப்படலாம். இணையக் காணொளியைப் பார்த்துவிட்டு அந்த வேலையில் இறங்குவது விளையாட்டல்ல. இங்கே ஈயம் உருக்க ஆசைப்படுபவர், பெரும்பாலும் தூண்டில்காரராகவே இருப்பார்.

உடலுக்குள் போனால்

எந்த அளவு ஈயமும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வாய்வழி சென்ற ஈயத்தைப் பெரியவர்களின் உடல் ஏற்பதைவிடக் குழந்தைகளின் உடல் 4 முதல் 5 மடங்கு அதிகமாக ஏற்கிறது. அது எலும்பிலும் பல்லிலும் தங்கி, பல ஆண்டுகள் இருக்கும். தாய் கர்ப்பமுறும்போது எலும்பிலிருந்து இரத்தத்தில் இறங்கிக் கருவையும் எட்டும். குழந்தையின் மூளை வளர்ச்சியில் ஏற்படும் பாதிப்பை மருந்தால் திருப்ப முடியாது. பால் குடித்தால் ஈயம் இறங்கிவிடும் என்பதும் நம்பிக்கை மட்டுமே.

ஈயத்தை உருக்கும்போது மேலே படியும் கசடைச் சுரண்டினால் பறக்கும் தூசி கண்ணுக்கு எளிதில் தெரியாது. சமையலறை மேடை, துணி, தலைமுடி எல்லாவற்றிலும் படியும். தவழும் பிள்ளை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். காற்றோட்டம் குறைந்த வீவக சமையலறையில் இந்த ஆபத்து மேலும் கூடும்.

செனகல் நாட்டின் தலைநகர் டக்காரை ஒட்டிய தியாரோயே சுர் மேரில், மின்கல ஈயம் கலந்த மண்ணை வீட்டருகே சலித்து ஈயம் பிரித்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையே அங்கே 18 குழந்தைகள் இறந்தனர். அந்த ஈயமும் தரையில் சும்மா கிடந்ததுதான்.

வீட்டில் பழைய ஈயம் இருந்தால்

உருக்க வேண்டாம். ஈரம் பட்ட துண்டை உருகிய ஈயத்தில் போட்டால் நீராவி வெடித்துக் குழம்பு தெறிக்கும். சமைத்த பாத்திரத்தில் உருக்கினால் அந்தப் பாத்திரம் பிறகு சமையலுக்கு ஆகாது.

கார் மின்கலத்தை உடைக்க வேண்டாம். உள்ளே கந்தக அமிலம் இருக்கிறது. அதன் தகடுகளில் ஆன்டிமனி, ஆர்சனிக் போன்றவை கலந்திருக்கலாம். அவற்றிலிருந்து உயிரைப் பறிக்கும் வாயு உண்டாகலாம். புதிய மின்கலம் மாற்றும் பட்டறையிலேயே பழையதை ஒப்படைப்பது எளிய வழி.

தூண்டில் குண்டு, வலை மணி, எடைத் துண்டுகளை மூடியுள்ள டப்பாவில் போட்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். உலோகம் வாங்கும் வியாபாரியிடம் கொடுக்கும்போது காரீயம் என்று சொல்லிக் கொடுக்கவும். குப்பையில் போட்டால் அது எரிக்கப்பட்டு, சாம்பலாகச் செமக்காவ் நிரப்பிடத்துக்குப் போகும். ஈயமோ எரிந்து அழியாது.

தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம். தூண்டில்காரர்கள் ஈயக்குண்டைப் பல்லால் கடித்து நூலில் இறுக்கும் பழக்கத்தை விட வேண்டும். அன்னங்கள் விழுங்கி மடிந்ததால் பிரிட்டன் 1987ஆம் ஆண்டே சிறு ஈயக்குண்டுகளைத் தடை செய்தது. எஃகு, டங்ஸ்டன் குண்டுகள் இப்போது கிடைக்கின்றன.

ஏற்கெனவே வீட்டில் உருக்கியிருந்தால், தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பிள்ளைகளோ கர்ப்பிணியோ அங்கே இருந்திருந்தால், அறிகுறி தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ நடந்ததைச் சொல்லி, ஈயத்துக்கான இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேட்கலாம்.

சிங்கப்பூர் 1998ஆம் ஆண்டு பெட்ரோலிலிருந்து ஈயத்தை நீக்கியது. சாலையிலிருந்து போன நச்சு, ஒரு தூண்டில் குண்டுக்காக வீட்டு அடுப்பு வழியே திரும்பி வரத் தேவையில்லை.